சாய ஊசிக்கு முன் ஒரு குவளை நீர்

சென்ற அக்னி நட்சத்திர நாட்களில், எழுபது வயதைக் கடந்த ஓர் அம்மையார் சாய ஊசி போட்டு எடுக்கும் சி.டி. ஸ்கேனுக்காக எங்கள் மருத்துவமனைக்கு வந்தார். முதல் நாள் இரவு எட்டு மணிக்கு இரண்டு இட்லி உண்டவர், அதன்பின் ஒரு வாய்த் தண்ணீர்கூடப் பருகவில்லை. விடியுமுன் வீட்டை விட்டுக் கிளம்பி, இரண்டு பேருந்து மாறி, காலை பத்து மணிக்கு ஸ்கேன் அறையின் முன் வந்து அமர்ந்தார். அவசர நோயாளிகள் சிலரை முன்னே அனுப்ப வேண்டியிருந்ததால் அவருடைய முறை வந்தபோது பிற்பகல் இரண்டு மணி ஆகிவிட்டது. ஏறத்தாழ பதினெட்டு மணி நேரம் நீரின்றி இருந்த அவருக்கு எழுந்து நிற்கையில் தலை சுற்றியது. துணைக்கு வந்த மகனிடம், "அம்மா ஏன் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை?" என்று செவிலியர் கேட்டார். அவர் பையிலிருந்து ஒரு சீட்டை எடுத்துக் காட்டினார். "வெறும் வயிற்றில் வரவும்" என்று அதில் அச்சிடப்பட்டிருந்தது. அந்தச் சீட்டு எங்களுடையது.

செவிலியர் மேலும் விசாரித்தபோது, மூட்டு வலிக்காக இரண்டு வாரமாக மருந்துக் கடையில் வாங்கிய டைக்ளோஃபெனாக் மாத்திரையை அம்மையார் உண்டு வந்தது தெரிந்தது. ஸ்கேன் தள்ளிவைக்கப்பட்டது. உடனே எடுத்த இரத்தப் பரிசோதனையில் கிரியாட்டினின் 1.6 மில்லிகிராம் இருந்தது. மூன்று மாதங்களுக்கு முன்பு அதே அம்மையாருக்கு அது 1.1. வலி மாத்திரையை நிறுத்தி, சலைன் ஏற்றி, வீட்டிலும் நன்றாக நீர் அருந்தச் சொல்லி அனுப்பினோம். நான்கு நாள் கழித்து கிரியாட்டினின் பழைய அளவுக்குத் திரும்பியிருந்தது. அதன்பின் சாய ஊசியுடனேயே ஸ்கேன் எடுக்கப்பட்டது. சிறுநீரகத்துக்கு எந்தக் குறையும் நேரவில்லை.

அன்று யாரும் கவனியாமல் ஊசி போட்டிருந்தால் என்ன நடந்திருக்கும் என்பதைச் சிறுநீரகப் பிரிவில் பணிபுரியும் நாங்கள் பலமுறை பேசிக்கொண்டோம். மறுநாள் வந்திருக்கக்கூடிய 1.6 என்னும் எண்ணைப் பார்த்துவிட்டு, "சாயம் சிறுநீரகத்தைக் கெடுத்துவிட்டது" என்றுதான் குடும்பத்தாரும் சொல்லியிருப்பார்கள், நாங்களும் சொல்லியிருப்போம். உண்மையில் அந்தக் கேடு ஊசிக்கு முன்பே நேர்ந்துவிட்டிருந்தது. அதற்குக் காரணமான இரண்டில் ஒன்று மருந்துக் கடையிலிருந்தும் மற்றொன்று எங்கள் சீட்டிலிருந்தும் வந்தவை.

சாயம் என்று பேச்சு வழக்கில் சொன்னாலும், இது நிறமற்ற, நீர்போலத் தெளிந்த திரவம். இதிலுள்ள அயோடின் எக்ஸ் கதிர்களைத் தடுப்பதால் இரத்தக் குழாய்களும் உறுப்புகளும் படத்தில் பளிச்செனத் தெரிகின்றன. நாளத்தின் வழியே செலுத்தும் இம்மருந்து 1929-ஆம் ஆண்டு பெர்லின் நகரில், மோசஸ் ஸ்விக் என்னும் இளம் அமெரிக்க மருத்துவரின் முயற்சியால் நடைமுறைக்கு வந்தது. அன்று அதன் நோக்கமே சிறுநீரகத்தையும் சிறுநீர்ப் பாதையையும் படமெடுப்பதுதான். சிறுநீரகம் அதை வடிகட்டிச் சேர்க்கச் சேர்க்கப் படம் தெளிவாகும். ஆகவே, சிறுநீர் செறிவாக இருந்தால் படம் இன்னும் நன்றாக வரும் என்று கருதி, நோயாளிகளை வேண்டுமென்றே நீரின்றி வைத்திருக்கும் வழக்கம் நெடுங்காலம் இருந்தது. அத்துடன், பழைய சாயங்களின் உப்புச்செறிவு இரத்தத்தைவிட ஐந்து மடங்குக்கும் மேல். அவை பலருக்கு வாந்தியை உண்டாக்கின. வெறும் வயிற்றில் வரச் சொன்னதற்கு அன்று பொருள் இருந்தது.

இன்று பயன்படும் சாயங்களின் செறிவு இரத்தத்தைப்போல இரண்டு அல்லது மூன்று மடங்குதான். ஒரு வகை இரத்தத்துக்கு இணையாகவே செய்யப்பட்டுள்ளது. வாந்தி மிகவும் குறைந்துவிட்டது. சாய ஊசிக்கு முன் பட்டினி தேவையில்லை என்று ஐரோப்பிய, அமெரிக்கக் கதிரியக்கச் சங்கங்களின் வழிகாட்டுதல்கள் வெளிப்படையாகவே கூறுகின்றன. மருந்து மாறிவிட்டது, நம் சீட்டு மட்டும் மாறவில்லை. மருத்துவமனைகளில் அச்சான ஒரு வரிக்கு ஆயுள் அதிகம். யார் எழுதியது என்று தெரியாததால் அதை நீக்கவும் யாரும் துணிவதில்லை.

நீர் ஏன் இவ்வளவு முக்கியம்? சிறுநீரகத்தின் உட்பகுதி இயல்பாகவே மிகக் குறைந்த பிராணவாயுவில் கடுமையாக உழைக்கும் இடம். உடலில் நீர் வற்றும்போது அங்கு செல்லும் இரத்தம் மேலும் சுருங்குகிறது. டைக்ளோஃபெனாக், இபுபுரூஃபென் போன்ற வலி மாத்திரைகள், அந்த இரத்தக் குழாய்களை விரித்து வைத்திருக்கும் இயற்கையான ஏற்பாட்டைத் தடுத்துவிடுகின்றன. இந்நிலையில் சாயமும் வந்து சேர்ந்தால் குழாய்கள் இன்னும் சுருங்குகின்றன. பிசுபிசுப்பான திரவம் நுண்குழல்களில் மெதுவாக நகர்ந்து அங்குள்ள உயிரணுக்களைத் தாக்குகிறது. உடலில் போதிய நீர் உள்ளவருக்கு அதே திரவம் விரைவாகக் கழுவப்பட்டு வெளியேறிவிடும். நல்ல சிறுநீரகம் உடையவரிடம் ஏறக்குறைய முழுவதும் ஒரு நாளுக்குள் சிறுநீரில் போய்விடுகிறது.

இப்பாதிப்பு நேரும்போது பெரும்பாலும் வலியோ காய்ச்சலோ இருப்பதில்லை. இரண்டு மூன்று நாட்களில் கிரியாட்டினின் ஏறும். பெரும்பாலோருக்கு ஒன்றிரண்டு வாரங்களில் தானாகவே இறங்கிவிடும். டயாலிசிஸ் வரை செல்பவர் மிகச் சிலர். அவர்களிலும் பலர் முன்பே சிறுநீரகம் பெரிதும் பழுதடைந்தவர்கள், அல்லது உயிருக்குப் போராடும் நிலையில் ஸ்கேனுக்குக் கொண்டுவரப்பட்டவர்கள்.

ஓர் ஒப்புதலையும் இங்கே செய்தாக வேண்டும். சாயத்தைப் பற்றிய அச்சத்தை மக்களிடம் விதைத்தவர்கள் மருத்துவர்களாகிய நாங்கள்தாம். பல பத்தாண்டுகளாக, ஸ்கேனுக்குப் பின் கிரியாட்டினின் ஏறினால் சாயத்தின்மீதே பழி போட்டோம். சாயம் இல்லாமல் ஸ்கேன் எடுத்த அதே வகை நோயாளிகளுக்கு என்ன ஆகிறது என்று பார்க்கவில்லை. 2013-இல் அமெரிக்காவில் மேயோ மருத்துவமனையைச் சேர்ந்தவர்களும் மிச்சிகன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தவர்களும் தனித்தனியே அந்த ஒப்பீட்டைச் செய்து வெளியிட்டனர். சாயமின்றி ஸ்கேன் எடுத்தவர்களிலும் கணிசமானோருக்குக் கிரியாட்டினின் ஏறியிருந்தது. நோய்த்தொற்று, இரத்த அழுத்தக் குறைவு, வேறு மருந்துகள் எனக் காரணங்கள் வேறாக இருந்தன. மிச்சிகன் ஆய்வில் சாயத்தின் தனிப்பட்ட கேடு தெளிவாகத் தெரிந்தது, சிறுநீரகத் திறன் மிகவும் குறைந்தவர்களிடம்தான். 2020-இல் அமெரிக்கக் கதிரியக்கக் கல்லூரியும் அந்நாட்டின் தேசிய சிறுநீரக அறக்கட்டளையும் கூடி வெளியிட்ட அறிக்கை, இந்த ஆபத்து முன்பு மிகைப்படுத்தப்பட்டது என்றே சொன்னது.

மிகைப்படுத்தியதற்கு விலை உண்டு. மார்பு வலியுடன் வந்த ஒருவருக்கு ஆஞ்சியோகிராம் செய்யச் சொன்னோம். அவருடைய சிறுநீரகத் திறன் பாதிக்குச் சற்றுக் குறைவு. "ஆஞ்சியோ செய்தால் அடுத்தது டயாலிசிஸ்தான்" என்று உறவினர் ஒருவர் சொன்னதைக் கேட்டு, கையெழுத்துப் போட்டுவிட்டு வீட்டுக்குப் போனார். மூன்றாவது வாரம் கடுமையான மாரடைப்புடன் நள்ளிரவில் திரும்பி வந்தார். அப்போது அவசரமாக, கூடுதல் சாயத்துடன், அதே ஆஞ்சியோவைச் செய்து அடைப்பை நீக்க வேண்டியதாயிற்று. அவருடைய சிறுநீரகம் தாங்கிக்கொண்டது. இதயத்தின் பம்பும் ஆற்றல்தான் நிரந்தரமாகக் குறைந்துவிட்டது. ஆஞ்சியோவில் ஆபத்து சற்றுக் கூடுதல் என்பதை நாங்கள் மறைக்கவில்லை. மருந்து தமனியில் செல்கிறது, பல நேரம் இதயமும் தளர்ந்திருக்கிறது, குழாயை நுழைக்கும்போது பெருந்தமனியின் சுவரிலுள்ள கொழுப்புத் துணுக்குகள் பெயர்ந்து சிறுநீரகத்தை அடைவதும் அரிதாக நேரும். ஆயினும், அடைபட்ட இதயக் குழாயோடு வீட்டில் இருப்பதைவிட அது பாதுகாப்பானது என்பதே எங்கள் கருத்து.

அப்படியானால் யார் கவனமாக இருக்க வேண்டும்? உங்கள் பரிசோதனைத் தாளில் கிரியாட்டினின் வரிக்கு அருகில் இ.ஜி.எஃப்.ஆர். என்று ஓர் எண் இருக்கும். அதுதான் சிறுநீரகத்தின் திறன். ஏறத்தாழ நூற்றுக்கு எவ்வளவு என்று எடுத்துக்கொள்ளலாம். கிரியாட்டினினை மட்டும் பார்த்து ஆறுதல் அடைவது தவறு. 1.2 என்பது இருபத்தைந்து வயது இளைஞருக்கு 86 என்னும் திறனைக் குறிக்கும், அதே 1.2 எழுபது வயது மூதாட்டிக்கு 49-ஐக் குறிக்கும். தசை மெலிந்தவர்களிடம் கிரியாட்டினின் குறைவாகவே ஊறுவதால் அந்த எண் ஏமாற்றிவிடுகிறது. பரிசோதனைத் தாளில் இந்த எண் இல்லையென்றால், கணக்கிட்டுத் தருமாறு கேளுங்கள். வயது, பாலினம், கிரியாட்டினின் மூன்றும் இருந்தால் ஒரு நிமிட வேலைதான்.

திறன் 45-க்கு மேல் இருந்து உடல்நிலையும் சீராக இருப்பவர்கள், ஸ்கேனுக்கான சாயத்தை நினைத்துத் தூக்கத்தை இழக்க வேண்டியதில்லை. 30-க்கும் 45-க்கும் இடையே இருந்தால் மற்ற நோய்களையும் சேர்த்துப் பார்த்து மருத்துவர் முடிவு செய்வார். 30-க்குக் கீழே இருப்பவர்களுக்கும், அண்மையில் சிறுநீரகம் திடீரெனப் பழுதாகி இன்னும் மீளாதவர்களுக்கும்தான், ஊசிக்கு முன்னும் பின்னும் சில மணி நேரம் சலைன் ஏற்றுவது பொருந்தும். அவர்களுக்கும் ஸ்கேன் கூடாது என்பதில்லை. எந்தக் கேள்விக்கு விடை தேடி இந்த ஸ்கேன், அதை அல்ட்ராசவுண்டோ சாயமில்லா ஸ்கேனோ தந்துவிடுமா என்று கேட்டுவிட்டுச் செய்ய வேண்டும்.

இங்கே உறவினர்களிடம் அடிக்கடி கேட்கும் ஒரு குறை உண்டு: "பக்கத்துப் படுக்கைக்காரருக்குக் குளுக்கோஸ் ஏற்றினீர்கள், எங்கள் அப்பாவுக்கு ஏன் ஏற்றவில்லை?" நம் ஊரில் பாட்டில் தொங்கினால்தான் வைத்தியம் நடக்கிறது என்ற எண்ணம் வேரூன்றிவிட்டது. (அந்தப் பாட்டிலில் பெரும்பாலும் இருப்பது குளுக்கோஸ் அல்ல, உப்புநீர் என்பது வேறு செய்தி.) நெதர்லாந்தின் மாஸ்ட்ரிக்ட் நகரில் 660 பேரிடம் நடந்து 2017-இல் வெளியான ஆய்வில், சிறுநீரகத் திறன் 30 முதல் 59 வரை இருந்தவர்களை இரு குழுவாகப் பிரித்தனர். ஒரு குழுவுக்குச் சலைன் ஏற்றினர், மற்றதற்கு எதுவும் ஏற்றவில்லை. சிறுநீரகத்தைப் பொறுத்தவரை ஏற்றாதவர்கள் எவ்விதத்திலும் பின்தங்கவில்லை. மாறாக, ஏற்றியவர்களில் சிலருக்கு நீர் மிகுந்து இதயத் திணறல் உண்டாயிற்று. வாயால் பருக முடிந்தவருக்கு ஒரு சொம்புத் தண்ணீரே போதுமானது.

அசிட்டைல்சிஸ்டைன் என்னும் மாத்திரையின் வரலாறும் பாடம் தருவது. 2000-ஆம் ஆண்டில் 83 பேரிடம் நடந்த ஒரு சிறு ஆய்வு அதைப் பெரிதும் புகழ்ந்தது. விலை மலிவு, தீங்கும் இல்லை என்பதால் உலகெங்கும் எழுதிக் கொடுத்தோம், நாங்களும் எழுதிக் கொடுத்தோம். பின்னர் ஏறத்தாழ ஐயாயிரம் பேரிடம் நடந்து 2018-இல் வெளியான பெரும் ஆய்வு, அந்த மாத்திரையாலும் சோடா உப்பு கலந்த திரவத்தாலும் கூடுதல் பயன் ஏதுமில்லை என்று காட்டிவிட்டது. ஆகவே முன்பு ஆஞ்சியோ செய்தபோது கொடுத்த மாத்திரையை இப்போது ஏன் தரவில்லை என்று வருந்த வேண்டாம். சிறுநீரை அதிகம் பிரித்தால் சாயம் சீக்கிரம் போய்விடும் என்றெண்ணி வீட்டிலிருக்கும் நீர் மாத்திரையைக் கூடுதலாக விழுங்குவதோ முற்றிலும் தவறு. அதுவும் உடலை வறளச் செய்து கேட்டையே கூட்டும் என்பது 1994-லேயே ஆய்வில் தெரிந்தது.

சர்க்கரை நோய்க்கு மெட்ஃபார்மின் உண்பவர்கள் பலர். இம்மாத்திரை சிறுநீரகத்தைக் கெடுப்பதில்லை. சிறுநீரகம் தற்காலிகமாகச் சோர்ந்தால் மாத்திரை உடலில் தேங்கி இரத்தத்தில் அமிலம் சேரக்கூடும் என்பதால்தான் சிலருக்கு ஊசியன்று நிறுத்தி, இரண்டு நாள் கழித்து இரத்தம் பார்த்துவிட்டுத் தொடரச் சொல்கிறோம். எல்லோருக்கும் நிறுத்த வேண்டியதில்லை. நிறுத்தச் சொன்னால் மீண்டும் தொடங்கும் நாளையும் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். நிறுத்தியவர்கள் மறந்துபோய் ஒரு மாதம் கழித்துச் சர்க்கரை நானூறைத் தொட்டு வருவதை நாங்கள் கண்டிருக்கிறோம். இரத்த அழுத்த மாத்திரைகளையும் நீங்களாக நிறுத்த வேண்டாம். தாமாகவே தயங்காமல் நிறுத்த வேண்டியது, மருத்துவர் சொல்லாமல் கடையில் வாங்கிய வலி மாத்திரையைத்தான். அதைச் சொல்ல வெட்கப்படுகிறவர்கள் அதிகம். தைலம் தேய்த்ததாகச் சொல்வார்கள். மாத்திரை விழுங்கியதைச் சொல்ல மாட்டார்கள். நாட்டு மருந்தும் அப்படியே.

ஸ்கேன் முடிந்ததும் சாயத்தைக் கழுவுவதாக எண்ணி இளநீராகக் குடித்துத் தள்ளுவது நம் ஊர் வழக்கம். சிறுநீரகம் நன்றாக உள்ளவருக்கு இளநீர் இன்பமான பானம். ஆனால் அதில் பொட்டாசியம் மிகுதி. சிறுநீரகத் திறன் குறைந்தவர்கள் இரண்டு மூன்று இளநீரை அடுத்தடுத்துக் குடித்தால் பொட்டாசியம் ஏறி இதயத் துடிப்பே தடுமாறலாம். அவர்களுக்குச் சாதாரணத் தண்ணீரே ஏற்றது. இதயத் தளர்ச்சி உள்ளவர்களும் டயாலிசிஸ் செய்துகொள்பவர்களும் தங்களுக்குக் குறிக்கப்பட்ட நீர் அளவுக்குள்ளேயே இருக்க வேண்டும். இக்கட்டுரையைப் படித்துவிட்டு அதை மீற வேண்டாம். டயாலிசிஸ் நோயாளிகள் ஊசிக்காகத் தங்கள் முறை நாளை மாற்றிக்கொள்ள வேண்டிய தேவையும் பொதுவாக இல்லை.

இன்னொன்று, சற்று மனவருத்தத்தோடு சொல்வது. வெளியில் சாயத்துடன் எடுத்த ஸ்கேனின் எழுத்து அறிக்கையை மட்டும் கொண்டுவந்து, படங்கள் அடங்கிய வட்டை வீட்டில் வைத்துவிட்டு வருபவர்கள் வாரந்தோறும் இருக்கிறார்கள். அறுவை மருத்துவருக்குப் படம் வேண்டும். ஆகவே சில நாட்களுக்குள் மீண்டும் ஸ்கேன், மீண்டும் எண்பது நூறு மில்லி சாயம். அடுத்தடுத்து இருமுறை செலுத்துவது, பழுதான சிறுநீரகத்துக்குத் தவிர்த்திருக்கக்கூடிய சுமை. பல வேளைகளில் அதைத் தவிர்க்க வேண்டியவர்கள் நாங்களே. வெளியூர் நிலையத்திற்குத் தொலைபேசியில் பேசிப் படத்தை வரவழைக்கும் பொறுமை எங்களிடம் இல்லாததால் இரண்டாவது ஊசி போடப்படுகிறது.

திறன் 30-க்குக் குறைந்தவர்கள் ஊசி போட்ட இரண்டு அல்லது மூன்றாம் நாளில் ஒருமுறை கிரியாட்டினின் பார்த்துவிட வேண்டும். இடையில் சிறுநீர் வெகுவாகக் குறைந்தாலோ, கால் வீங்கினாலோ, படுத்தால் மூச்சு வாங்கினாலோ அந்த நாளுக்காகக் காத்திராமல் வந்துவிடுங்கள்.

சீட்டின் கதைக்கு வருவோம். அந்த அம்மையார் வந்து சென்ற பிறகு, "வெறும் வயிற்றில் வரவும்" என்னும் வரியை நீக்குமாறு நிர்வாகத்துக்கு எழுதினோம். எதிர்ப்பு வந்தது. வாந்தி எடுத்தால் யார் பொறுப்பு என்று ஸ்கேன் பிரிவினர் கேட்டது நியாயமான கேள்வியே. மயக்க மருந்து தேவைப்படும் குழந்தைகளுக்கும் சில சிறப்புப் பரிசோதனைகளுக்கும் பட்டினி வேண்டும் என்பதையும் நாங்கள் ஏற்கிறோம். ஆனால், அவர்களிலும் பெரும்பாலோர் இரண்டு மணி நேரம் முன்புவரை வெறும் தண்ணீர் பருகலாம். சிலருக்கு வேண்டிய கட்டுப்பாட்டை எல்லோருக்கும் அச்சிட்டுக் கொடுத்தது வசதிக்காகத்தானே ஒழிய மருத்துவத்துக்காக அல்ல. பல வாரப் பேச்சுக்குப் பின் புதிய சீட்டு அச்சாகியுள்ளது. எளிய உணவு உண்ணலாம், தண்ணீர் நிறுத்த வேண்டாம், உண்ணும் மாத்திரைகள் அனைத்தையும் கையோடு கொண்டுவரவும், கடைசியாகப் பார்த்த கிரியாட்டினின் தாளையும் பழைய ஸ்கேன் வட்டையும் மறவாமல் எடுத்து வரவும் என்று அதில் இருக்கிறது. எழுத்தைப் பெரிதாக்கச் சொல்லியும் சிறிதாகவே அச்சிட்டுவிட்டார்கள். அடுத்த அச்சில் சரிசெய்யக் கேட்டிருக்கிறோம்.

பழைய சீட்டுக் கட்டுகள் சில மேசைகளின் இழுப்பறைகளில் இன்னும் கிடக்கின்றன. அப்படி ஒன்று உங்கள் கைக்கு வந்தால், அதைக் கொடுத்தவரிடமே "தண்ணீர் குடிக்கலாமா?" என்று ஒருமுறை கேட்டுவிட்டு, அந்தச் சீட்டை எங்கள் பிரிவில் கொண்டுவந்து கொடுத்துவிடுங்கள்.